டோசிங் பம்ப்: இரண்டு ஹெட் போதுமா, நான்கு வேண்டுமா?

#1 · அலைவாயன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே இருக்கிற சம்ப் எனும் துணைத்தொட்டித் தண்ணீரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பெரும்பாலும் எல்பிஎஸ் (பெரிய பாலிப்) பவளங்கள். இப்போதுதான் எஸ்பிஎஸ் (சின்னப் பாலிப்) வகையில் இரண்டு மான்டிபோரா துண்டும் ஓர் அக்ரோபோராவும் உள்ளே வந்திருக்கின்றன. ஆல்கலினிட்டியும் (தண்ணீரின் காரத்தன்மை, சுருக்கமாக ஆல்க்) கால்சியமும் தினமும் சிரிஞ்சில் எடுத்துக் கையால்தான் ஊற்றுகிறேன். வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறேன். அந்த நாட்களில் வீட்டில் யாராவது ஊற்றினால் உண்டு, மறந்தால் இல்லை. ஆல்க் ஒரு வாரம் 9, அடுத்த வாரம் 7.3.

கரைசலை அளந்து தானாகவே ஊற்றுகிற டோசிங் பம்ப் வாங்கலாம் என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்றுதான் தெரியவில்லை. இரண்டு ஹெட் (ஒவ்வொன்றும் ஒரு கரைசலைத் தள்ளும்) போதுமா, நான்கு எடுக்கலாமா? வைஃபை உள்ளது வேண்டுமா, பட்டன் வைத்ததே போதுமா? ஸ்டெப்பர் மோட்டார் என்று சிலதுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள், அதில் அப்படி என்ன இருக்கிறது? பக்கத்திலேயே ஒரு சின்னச் செடித்தொட்டியும் இருக்கிறது, மிச்சமாகும் ஹெட்டை அதற்கு உரம் போட வைத்துக்கொள்ளலாமா?

#2 · உப்புத்தண்ணி

ஹெட் கணக்கை அப்புறம் பார்ப்போம். உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு ஆல்க் சாப்பிடுகிறது? அது தெரியாமல் பம்ப் வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற மாதிரி.

கண்டுபிடிப்பது சுலபம். ஆல்க்கை 9 டிகேஎச் (ஆல்க் அளக்கும் அலகு) பக்கம் கொண்டுவந்து, டோஸை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மாற்ற வேண்டாம். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில், அதே சோதனைக் கிட்டில் மறுபடி பாருங்கள். வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் ஒரு நாள் செலவு. ஒரே நாளில் பார்த்துவிடலாமே என்று தோன்றும், ஆனால் நம் கிட்டுகளில் ஒரு துளி கூடக் குறைய விழுந்தாலே எண் மாறிவிடும். மூன்று நாளாகப் பார்த்தால் அந்தப் பிழை மூன்றில் ஒரு பங்காகிவிடும். நேரம் மாறக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. விளக்கு எரியும்போது பவளம் எலும்பு கட்டுகிற வேகம் அதிகம், காலை எண்ணும் இரவு எண்ணும் ஒத்துப்போகாது.

#3 · பாசிப்பயல்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான்கு ஹெட்டே எடுங்கள். இன்றைக்கு ஆல்க், கால்சியம். நாளைக்கு மெக்னீசியம், அப்புறம் டிரேஸ் எனும் நுண்தனிமங்கள், அமினோ அமிலம் என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் இன்னொரு இரண்டு வாங்கினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#4 · சோல்டர்புகை

மோட்டார் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் விரிவாக.

வீட்டுத் தொட்டிக்கு வருகிற டோசிங் பம்ப் எல்லாமே பெரிஸ்டால்டிக் வகைதான். ஒரு வட்டத்தில் இரண்டோ மூன்றோ நான்கோ உருளைகள் சுற்றும். அவை ஒரு மெல்லிய டியூபை வெளிச்சுவரோடு வைத்து நசுக்கிக்கொண்டே போகும். நசுங்கின இடத்துக்கு முன்னால் இருக்கிற திரவம் வெளியே தள்ளப்படும், பின்னால் டியூப் விரிந்து புதிதாக உறிஞ்சும். திரவம் டியூபைத் தவிர வேறெதையும் தொடாது. அதனால்தான் உப்பு, காரம் எது போனாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த வடிவமைப்பின் பலம் அந்த டியூப். பலவீனமும் அதேதான்.

விலை குறைந்தவற்றில் இருப்பது கியர் வைத்த சாதாரண டிசி மோட்டார். கன்ட்ரோலருக்குத் தெரிந்தது நேரம் மட்டும்தான். 'ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நொடி' என்று வைத்துக்கொண்டு அத்தனை நொடி ஓட்டி நிறுத்தும். டியூப் புதிதாக விறைப்பாக இருக்கும்போது மோட்டார் கொஞ்சம் திணறும். இளகின பிறகு வேகம் கூடும். அடாப்டர் வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் மாறும். நொடி அதேதான், மில்லி வேறு.

ஸ்டெப்பர் மோட்டார் படிப்படியாகத் திரும்பும். பொதுவாக ஒரு சுற்றுக்கு 200 படி. கன்ட்ரோலர் படிகளை எண்ணுவதால் வோல்டேஜும் டியூபின் விறைப்பும் சுற்று எண்ணிக்கையை மாற்றாது. பிரஷ் இல்லை, தேய்வு குறைவு. மெதுவாகச் சுற்றுவதால் சத்தமும் பரவாயில்லை. அரை மில்லி, ஒரு மில்லி என்று சின்னச் சின்ன டோஸ் போடுகிறவர்களுக்குக் கொடுத்த காசு தகும்.

ஆனால் ஸ்டெப்பர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். அது எண்ணுவது சுற்றை, திரவத்தை அல்ல. பாட்டில் காலியானாலும், முனை அடைத்துக்கொண்டாலும், டியூப் தேய்ந்து பாதிதான் உறிஞ்சினாலும் 'இன்றைய டோஸ் முடிந்தது' என்று ஆப்பில் பச்சை காட்டும்.

வைஃபை விஷயத்தில் நான் பார்ப்பது ஒன்றுதான். இணையம் போனாலும் அட்டவணை பம்புக்குள்ளேயே ஓடுமா? மின்சாரம் போய் வந்தால் நேரத்தை நினைவில் வைத்திருக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் எடுங்கள். 'ஆப் வழியாகத்தான் ஓடும்' என்றால் அது தொட்டிக்கு ஆகாது.

#5 · பாசிப்பயல்

> ஸ்டெப்பர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம்

இதைச் சொல்லிவிட்டு நீங்களே எல்லாத் தொட்டியிலும் ஸ்டெப்பர்தான் வைத்திருக்கிறீர்கள் 😄

#6 · சோல்டர்புகை

கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன் தம்பி.

#7 · அலைவாயன்

நன்றி. உப்புத்தண்ணி சொன்ன மாதிரியே பார்த்தேன். 9.1-இல் ஆரம்பித்து மூன்று நாள் கழித்து 7.3. ஆக நாளொன்றுக்கு 0.6 டிகேஎச். கால்சியம் அப்படியேதான் இருக்கிற மாதிரி தெரிகிறது: முதலில் 425, இப்போது 415. அப்படியென்றால் கால்சியத்துக்கு ஹெட்டே தேவையில்லையா?

#8 · வேதிவாத்தி

தேவை. கால்சியம் குறையவில்லை என்று தோன்றுவதற்குக் காரணம் கிட்டின் படி பெரியது, குறைகிற அளவு சின்னது. பவளம் எலும்பு கட்டுவது கால்சியம் கார்பனேட்டால், அதில் இரண்டுக்கும் விகிதம் நிலையானது. ஆல்க் 2.8 டிகேஎச் இறங்கினால் கால்சியம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இறங்கும். ஒரு டிகேஎச்சுக்கு 7 பிபிஎம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு மூன்று நாளில் 1.8 டிகேஎச், அதாவது 13 பிபிஎம். நீங்கள் பார்த்தது 10. சரியாகத்தான் இருக்கிறது.

இனி மில்லி கணக்கு. 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட் வேண்டும். 200 லிட்டருக்கு 0.6 என்றால் 3.6 கிராம். லிட்டருக்கு 80 கிராம் கரைத்து வைத்தால் தினம் 45 மி.லி. அறை வெப்பத்தில் லிட்டருக்கு 90 கிராமுக்கு மேல் கரைக்கப் பார்த்தால் அடியில் தங்கும், அதனால் 80-ஓடு நிறுத்துங்கள். சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட் என்றால் அதே வேலைக்கு 2.3 கிராம் போதும். அது நன்றாகக் கரையும், லிட்டருக்கு 150 கிராம் போட்டால் தினம் 15 மி.லி. தான். தொட்டியின் பிஎச் எப்போதும் தாழ்ந்தே கிடக்கிறது என்றால் சோடா ஆஷ் நல்லது, பிஎச்சை ஏற்றிவிடும். பிஎச் ஏற்கெனவே 8.4-ஐத் தொடுகிறது என்றால் பைகார்பனேட்.

கால்சியம் பக்கம்: 4.3 பிபிஎம் வீதம் 200 லிட்டருக்கு 0.86 கிராம் கால்சியம். டைஹைட்ரேட் கால்சியம் குளோரைடில் 3.1 கிராம். இதையும் ஆல்க் டோஸ் மி.லி. அளவுக்கே வருகிற மாதிரி கரைத்துக்கொண்டால் இரண்டு பாட்டிலும் ஒரே வேகத்தில் இறங்கும். ஒன்று மட்டும் பின்தங்கினால் கண்ணுக்கே தெரியும்.

பாசிப்பயல் சொன்ன மெக்னீசியம் ஹெட் எனக்கு ஒப்பவில்லை. கால்சியத்தோடு ஒப்பிட்டால் மெக்னீசியம் செலவு மிகக் குறைவு, கையிருப்போ 1300 பிபிஎம் பக்கம். மாதம் ஒருமுறை பார்த்துக் கையால் ஊற்றினால் போதும். தினசரி ஒரு ஹெட்டை அதற்கு ஒதுக்குவது வீண்.

#9 · பாசிப்பயல்

வாத்தியாரே, 200 லிட்டருக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அவர் அக்ரோபோரா வைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வியாதி ஒரு துண்டோடு நிற்காது. அது போக ஆல்க், கால்சியம் என்று வருஷக்கணக்கில் ஊற்றினால் உப்புச் சமநிலை கெடும் என்று பாலிங் முறைக்காரர்கள் மூன்றாவது பாட்டில் வைக்கிறார்களே, அதற்கு ஹெட் வேண்டாமா?

#10 · வேதிவாத்தி

நல்ல கேள்வி. சோடியம் பைகார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் ஊற்றினால் பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது சோடியமும் குளோரைடும், அதாவது சாதாரண உப்பு. அதனால் உப்பளவு மெல்ல ஏறும். அதைத் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தால் மற்ற அயனிகள் நீர்த்துப்போகும். ஹான்ஸ்-வெர்னர் பாலிங் கொண்டுவந்த முறையில் மூன்றாவது பாட்டில் சோடியம் குளோரைடு இல்லாத கடலுப்பு. மிஞ்சுகிற உப்போடு அது சேர்ந்தால் மறுபடி கடல்நீரின் விகிதம் வந்துவிடும்.

ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுகிற தொட்டியில் அந்த வேலையைத் தண்ணீர் மாற்றமே செய்துவிடும். மாற்றவே மாட்டேன் என்று விரதம் இருக்கிறவர்களுக்குத்தான் மூன்றாவது ஹெட். அலைவாயன், நீங்கள் எந்தக் கட்சி?

#11 · அலைவாயன்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10% மாற்றுகிறேன். அதை விடப் போவதில்லை.

#12 · கயல்_செடித்தொட்டி

நன்னீர்ப் பக்கத்தில் இருந்து ஒரு குரல். மிச்ச ஹெட்டைச் செடித்தொட்டிக்கு வைக்கலாமா என்று முதல் பதிவில் கேட்டிருந்தார், யாரும் அதைத் தொடவில்லை.

தயவுசெய்து ஒரே பம்பை இரண்டு தொட்டிக்கும் இழுக்காதீர்கள் அண்ணா. செடிகளுக்கான மைக்ரோ உரத்தில் செம்பு இருக்கும். செடிக்கு அது சிட்டிகையில் சிட்டிகைதான் தேவை, ஆனால் பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது. பாட்டில் மாற்றும்போது டியூப் இடம் மாறினால் போதும், கதை முடிந்தது. செடித்தொட்டியில் ஓடின ஹெட்டை ரீஃபுக்குக் கொண்டுபோவதென்றால் டியூபை அப்படியே தூக்கிப் போட்டுப் புதிது போடுங்கள், கழுவிப் பயன்படுத்த வேண்டாம்.

செடித்தொட்டிக்கு என்று தனியாக ஒன்று வாங்கினால் அங்கே இரண்டு ஹெட் சரியான எண்ணிக்கை. ஒன்றில் மேக்ரோ: பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட். இன்னொன்றில் மைக்ரோ: இரும்பும் மற்ற நுண்சத்துகளும். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கலந்தால் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து பழுப்பாக அடியில் உட்கார்ந்துவிடும். அதுதான் டியூபையும் அடைக்கும்.

நான் ஓட்டுவது டாம் பாரின் எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் முறை. தாராளமாகப் போட்டுவிட்டு வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிவிடுவது. அந்த முறையில் பத்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் செடி கண்டுகொள்ளாது. ஸ்டெப்பர் எல்லாம் தேவையே இல்லை, விலை குறைந்த டிசி பம்பே ராஜா.

மைக்ரோ பாட்டிலைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. வெளிச்சத்தில் வைத்தால் இரும்புக் கீலேட் (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் சேர்மம்) கெட்டுப்போகும், கறுப்பு பாட்டில் நல்லது. கொஞ்ச நாளில் மேலே சளி மாதிரி வெள்ளைப் பூஞ்சை மிதக்கும். அது உறிஞ்சு முனைக்குள் போனால் டியூப் முழுக்க வளரும். கரைக்கும்போதே துளி பொட்டாசியம் சார்பேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் வராது.

#13 · மாலைக்கடல்

இவ்வளவு கூட்டம் எதற்கு? சுண்ணாம்புத் தண்ணீர் (கல்க்) இருக்கிறதே. கல்க் போட்டால் ஆல்க்கும் கால்சியமும் சரியான விகிதத்தில் ஒரே பாட்டிலில் வருகிறது, உப்பும் மிஞ்சுவதில்லை. ஒரே ஒரு ஹெட். பல வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது என் தொட்டி.

#14 · வேதிவாத்தி

மாலைக்கடல் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெவிட்டிய கல்க் ஒரு லிட்டரில் சுமார் 40 மில்லி ஈக்விவலென்ட் (வேதியியலில் காரத்தை எண்ணும் அலகு) காரம் இருக்கும். அதை 200 லிட்டரில் ஊற்றினால் 0.57 டிகேஎச். அலைவாயனின் செலவு 0.6. ஆக, அவர் தொட்டியில் தினம் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஆவியாகிறது என்றால், அதை ஈடுகட்ட ஊற்றும் டாப்-அப் தண்ணீரையே கல்க்காகக் கொடுத்தால் கணக்கு கிட்டத்தட்ட நேர்!

சிக்கல் எங்கே என்றால், பவளம் வளர்ந்து செலவு 1.2 ஆனால் ஆவியாகும் தண்ணீர் இரண்டு மடங்காகிவிடாது. மழைக்காலத்தில் ஆவியாவது குறையும், பவளம் அதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளாது. அப்புறம் பிஎச். கல்க்கின் பிஎச் 12-க்கு மேலே. மொத்தமாகக் கொட்டினால் தொட்டி தாங்காது, சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும், அதுவும் பிஎச் தாழ்ந்திருக்கிற இரவில். மெதுவாக ஓடும் பெரிஸ்டால்டிக் பம்ப் அதற்குப் பொருத்தம்தான். ஆனால் உறிஞ்சும் முனை பாட்டிலின் அடியில் கிடக்கக் கூடாது. கீழே தங்கியிருக்கிற வெள்ளைச் சகதியை இழுத்தால் உருளைக்கு அடியில் மணல் அரைக்கிற மாதிரி ஆகி டியூப் சீக்கிரம் போய்விடும். மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கும்படி முனையைத் தூக்கிக் கட்டுங்கள். பாட்டிலை மூடியே வைக்கவும், காற்றிலுள்ள கரியமில வாயு பட்டால் மேலே ஆடை படிந்து வீரியம் இறங்கிவிடும்.

#15 · அலைவாயன்

ஆவியாவது ஒன்றரை லிட்டர் பக்கம் வரும். யோசிக்க வைக்கிறீர்கள். ஆனால் எஸ்பிஎஸ் கூட்டும் எண்ணம் இருப்பதால் இரண்டு பாட்டில் முறைக்கே போகிறேன்.

அடுத்த சந்தேகம். பம்பைத் தொட்டிக்கு மேலே வைப்பதா, கீழே சம்ப் பெட்டிக்குள் வைப்பதா? 'சைஃபன் ஆகிவிடும்' என்று ஒருவர் பயமுறுத்தினார்.

#16 · உப்புத்தண்ணி

பயப்பட வேண்டியதுதான். பம்ப் நிற்கும்போது டியூபை அடைத்துப் பிடித்திருப்பது அந்த உருளைகள் மட்டுமே. வால்வு எதுவும் கிடையாது. டியூப் தேய்ந்து உருளை முழுசாக நசுக்காமல் போனால், உயரத்தில் இருக்கிற பாட்டிலில் இருந்து தானாகவே இறங்க ஆரம்பிக்கும். அதே மாதிரி வெளிமுனை சம்ப் தண்ணீருக்குள் முங்கியிருந்து பாட்டில் தாழ்வாக இருந்தால், தொட்டித் தண்ணீர் பாட்டிலுக்கு வரும்.

அதனால் பாட்டிலின் திரவ மட்டம் வெளிமுனையை விடத் தாழ்வாக இருக்கட்டும். வெளிமுனை தண்ணீருக்கு இரண்டு விரல்கடை மேலே, சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சைஃபனுக்கு வழியே இல்லை. பம்ப் எந்த உயரத்தில் இருந்தாலும் பெரிய விஷயமில்லை, உப்புச் சாரல் படாத இடமாக இருந்தால் சரி. சம்ப் பெட்டிக்குள் ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) பக்கத்தில் மாட்டினால் எலக்ட்ரானிக்ஸ் துருப்பிடித்துத்தான் சாகும்.

ஆல்க் முனையும் கால்சியம் முனையும் ஒட்டி இருக்கக் கூடாது. இரண்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் அந்த இடத்திலேயே வெண்பனி மாதிரி சுண்ணாம்பு விழும். சம்பில் நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் ஆல்க், கால்சியம் அதிலிருந்து தள்ளி. நேரத்தையும் மாற்றிப் போடுங்கள். ஆல்க் முழு மணிக்கு என்றால் கால்சியம் அரை மணிக்கு.

முனையை மேலே தூக்கி வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. டோஸ் முடிந்ததும் கடைசிச் சொட்டு முனையிலேயே தொங்கும். அது காய்ந்து வெள்ளையாகும். அடுத்த டோஸ் அதன் மேல் வழிந்து இன்னும் கொஞ்சம் காயும். சில வாரத்தில் குகையில் தொங்குகிற சுண்ணாம்புக் கூம்பின் குட்டி மாதிரி ஒன்று வளர்ந்து, நடுவில் ஊசித் துளை மட்டும் மிஞ்சும். அதுவும் மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, டியூப் இணைப்பில் கழன்றுகொள்ளும். மாதம் ஒருமுறை முனையை வினிகரில் ஊறவைத்து விரலால் உருட்டிவிட்டால் போதும். இல்லை, கடைசி ஒரு அங்குலத்தை வெட்டி எறியுங்கள். அதனால்தான் டியூபைக் கொஞ்சம் நீளமாகவே விடச் சொல்கிறேன்.

#17 · சோல்டர்புகை

காலிப்ரேஷன், அதாவது பம்ப் சொல்கிற மில்லியும் உண்மையில் ஊற்றுகிற மில்லியும் ஒன்றா என்று அளந்து சரிசெய்வது பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

பெட்டியில் சின்ன அளவுக்குழல் ஒன்று தருவார்கள், 'ஐந்து மில்லி ஓட்டிப் பார்' என்பார்கள். ஐந்து போதாது. அரை மில்லி கண்தப்பினாலே பத்து சதவீதம் போயிற்று. 50 ஓட்டுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் வெறும் தண்ணீரை ஓட்டி எடை பாருங்கள், ஒரு கிராம் ஒரு மில்லி. கரைசலை எடை போடாதீர்கள், அது தண்ணீரை விடக் கனம்.

டியூபை அதன் நிரந்தர இடத்தில், நிரந்தர நீளத்தில், நிரந்தர உயரத்தில் மாட்டிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். மேசையில் வைத்து அளந்துவிட்டுப் பிறகு ஒன்றரை மீட்டர் மேலே ஏற்றினால் எண் மாறும். உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் முழுக்கத் திரவம் நிரம்பியிருக்க வேண்டும். புது டியூப் என்றால் முதல் சில நாள் அது படிந்து இளகும் காலம். அன்றைக்கே ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை.

இதையெல்லாம் செய்யச் சோம்பலாக இருக்கிறவர்களுக்கு என் குறுக்குவழி: பாட்டிலில் செங்குத்தாக ஒரு காகித டேப் ஒட்டி, நிரப்பின அன்று மட்டத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நாளுக்கு 45 மி.லி. என்றால் ஒரு வாரத்தில் 315 இறங்கியிருக்க வேண்டும். 280 தான் இறங்கியிருக்கிறது என்றால் டியூப் தளர்கிறது, அல்லது முனை அடைக்கிறது. 400 இறங்கியிருந்தால் உடனே பம்பைப் பிடுங்கிவிட்டு ஆல்க் பாருங்கள். எந்த ஆப்பும் இந்த டேப் அளவுக்கு உண்மை பேசாது.

#18 · மாலைக்கடல்

> உடனே பம்பைப் பிடுங்கிவிட்டு ஆல்க் பாருங்கள்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். பம்ப் ஓடாமல் நின்றுபோனால் ஆல்க் மெல்லத்தான் இறங்கும், கவனிக்க நாட்கள் இருக்கின்றன. நிற்காமல் ஓடினால்தான் ஆபத்து. ரிலே (பம்பை ஆன்-ஆஃப் செய்யும் மின்சுவிட்ச்) ஒட்டிக்கொள்ளலாம். ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினவர்களுக்கு, மின்சாரம் வந்ததும் பிளக் 'ஆன்' நிலையிலேயே எழுந்திருக்கலாம். தெரிந்தவர் ஒருவர் ஊருக்குப் போகும்போது வசதியாக இருக்கட்டும் என்று ஐந்து லிட்டர் கேன் நிறைய ஆல்க் கரைசல் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கேன் காலி, தொட்டி பால் நிறம்.

#19 · வேதிவாத்தி

எண்ணாகச் சொன்னால் இன்னும் உறைக்கும். லிட்டருக்கு 80 கிராம் வீதம் ஐந்து லிட்டரில் 400 கிராம் பைகார்பனேட். 200 லிட்டர் தொட்டியில் அது மொத்தமும் இறங்கினால் காகிதக் கணக்கில் 67 டிகேஎச் ஏற வேண்டும். அதற்கெல்லாம் வெகுமுன்பே எல்லாம் சுண்ணாம்பாகக் கீழே விழுந்துவிடும். அரை லிட்டர் பாட்டில் என்றால் 40 கிராம், 6.7 டிகேஎச். அதுவும் கெடுதல்தான், ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றவே கூடாது என்கிறோம். ஆனால் பெரிய தண்ணீர் மாற்றம் ஒன்றில் பாதியாவது மீட்கலாம்.

அதனால் பம்ப் எவ்வளவு நம்பகமானதாக இருந்தாலும் நான் பாட்டிலைச் சின்னதாகத்தான் வைப்பேன். பத்து நாள் தீனி, அவ்வளவுதான்.

#20 · பாசிப்பயல்

பத்து நாளைக்கு ஒருமுறை நிரப்புவதற்குப் பதில் கையாலேயே ஊற்றிவிடலாமே வாத்தியாரே!

#21 · வேதிவாத்தி

கையால் ஊற்றினால் ஒரே நேரத்தில் 45 மில்லி. பம்ப் அதையே பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் நாலு மில்லிக்கும் கீழே போடும். நாம் காசு கொடுப்பது அந்தப் பன்னிரண்டுக்குத்தான், விடுமுறைக்கு அல்ல.

#22 · அலைவாயன்

சரி, முடிவு: இரண்டு ஹெட், ஸ்டெப்பர், அட்டவணை உள்ளேயே சேமிக்கிற மாடல். பைகார்பனேட் 45 மி.லி., ஒரு நாளைக்கு 12 டோஸ், பாட்டில் அரை லிட்டர். செடித்தொட்டிக்குப் பழையபடி கைதான்.

கடைசிக் கேள்வி. உதிரி டியூப் இப்போதே வாங்கி வைக்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றுவது?

#23 · சோல்டர்புகை

ஹெட்டுக்கு ஒன்று வீதம் பம்போடு சேர்த்தே வாங்குங்கள். மாடல் நின்றுபோனால் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

வெளியே தெரிகிற நீண்ட டியூப் வேறு, ஹெட்டுக்குள் நசுங்குகிற குட்டை டியூப் வேறு. வெளி டியூபுக்கு உள்விட்டம் பொருந்தினால் போதும், சாதாரண சிலிகானே வருஷக்கணக்கில் வரும். உள்ளே போவதற்கு உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டுமே அசலோடு ஒத்துப்போக வேண்டும். ஏனென்றால் உருளை நசுக்குவது சுவரின் கனத்தை. சுவர் கொஞ்சம் மெலிந்தாலும் இடைவெளி விட்டு ஒழுகும், தடித்தால் மோட்டார் முக்கும். சிலிகான் மென்மையானது, ஆனால் சீக்கிரம் களைக்கும். பார்மெட், சான்டோபிரீன் வகை ரப்பர்கள் விறைப்பாக இருக்கும், நசுக்கலை அதிக நாள் தாங்கும். மோட்டாருக்கு அந்த விறைப்பைத் தள்ளும் பலம் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

எவ்வளவு நாள் என்பது ஓடும் நேரத்தைப் பொறுத்தது. உங்கள் அளவுக்கு வருஷம் ஒருமுறை தாராளம். கல்க் மாதிரி தினம் ஒரு லிட்டருக்கு மேல் தள்ளுகிறவர்களுக்கு அதற்குள் பல முறை. மூடியைத் திறந்து டியூபை வெளியே எடுங்கள். வட்டமாகத் திரும்பாமல் பாதாம் பருப்பு வடிவில் தட்டையாகவே நின்றால் நாள் முடிந்தது என்று அர்த்தம். உருளையைச் சுற்றிக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாவு படிந்திருந்தாலும் அப்படியே. ஈரத்துணியால் உருளையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புது டியூப் போடுங்கள். போட்ட பிறகு மறக்காமல் காலிப்ரேஷன்.

கால்சியம் ஹெட்டை மட்டும் அடிக்கடி திறந்து பாருங்கள். உள்ளே டியூப் கீறி ஒழுகினால் கால்சியம் குளோரைடு காயவே காயாது, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்றே இருக்கும். அப்படியே தண்டு வழியாக மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

#24 · அலைவாயன்

பம்ப் வந்ததும் டேப் ஒட்டின பாட்டிலோடு படம் போடுகிறேன். காலிப்ரேஷனில் சந்தேகம் வந்தால் இதே இழையில்தான் கேட்பேன், யாரும் ஓடிவிட வேண்டாம்.

#25 · பாசிப்பயல்

நான்கு ஹெட் வாங்கும்போதும் இங்கேயே வந்து சொல்லுங்கள் 😄